அந்தப் பக்கம் ஒரு பிரேக்

— இன்னொரு தடவை சாவியைத் திருப்பு. போனை ஸ்டீயரிங்குக்குக் கீழ பிடி, சத்தம் எனக்குக் கேக்கணும்.

— கேட்டுதா?

— கேட்டுது. கொர்ர் கொர்ர்னு சுத்துது, ஆனா பத்திக்கல. நல்லதுதான்.

— நல்லதா? பத்து மணிக்கு அப்பாவை டயாலிஸிஸ் மெஷின்ல படுக்க வைக்கணும். வேன் கிளம்ப மாட்டேங்குது. உனக்கு இது நல்லதாடா தம்பி?

— அதைச் சொல்லலக்கா. சுத்துதுன்னா பேட்டரி உயிரோட இருக்கு, ஸ்டார்ட்டரும் இருக்கு. ரெண்டு சந்தேகம் தீந்துச்சு. ஒண்ணொண்ணா போவோம்.

— ஒண்ணொண்ணாவே போ சாமி. நீ அங்க மின்விசிறிக்கு அடியில உக்காந்து நிதானமா போலாம். நான் இங்க ரோட்டுல நிக்கிறேன். அப்பா சக்கர நாற்காலியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு.

— மின்விசிறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒர்க்‌ஷாப்ல ஒரு லாரிக்கு அடியில கிடந்தவன் எந்திரிச்சு வந்து பேசறேன். வண்டி எங்க நிக்குது, வீட்டு வாசல்லயா?

— இல்ல. தெருக்கோடியில, குடோன் கேட்டுக்கிட்ட.

— வீடு பாதித் தெருவுலயே வந்துடுதே. அதைத் தாண்டி அவ்ளோ தூரம் கீழ ஏன் இறங்கினே?

— பின்ன எங்க திருப்பறது? நீ போனதுக்கு அப்புறம் தெரு அகலமாயிடுச்சுன்னு நெனச்சியா? இறக்கத்துல கீழ வரைக்கும் போகணும், குடோன் முன்னாடி திருப்பணும், மேல ஏறி வந்து வாசல்ல நிறுத்தணும். அப்பா பழக்கி விட்ட வழக்கம்.

— சரி, சரி. காலையில நின்னுச்சா?

— முந்தாநாள். ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வரும்போது.

— முந்தாநாள் நின்ன வண்டிக்கு இன்னிக்கா போன் பண்றே?

— நேத்துப் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பியாக்கும்.

— வந்திருப்பேனோ மாட்டேனோ, நேத்தே இதே மாதிரி போன்ல பாத்திருக்கலாம்ல. இப்ப கடைசி நேரத்துல கழுத்துல கத்தியை வெச்சா எப்படி?

— தானா சரியாயிடும்னு நெனச்சேன். பழைய வண்டி, கோவிச்சுக்கும், அப்புறம் தானா இறங்கி வரும். நம்ம வீட்டுல எல்லாரும் அப்படித்தானே.

— டாக்ஸிக்குச் சொன்னியா? எதுக்கும் ஒண்ணை வரச்சொல்லி வெச்சுக்கோ.

— டாக்ஸியில போனதை மறந்துட்டியா? ஒத்தைக் காலோட அவரை நானும் டிரைவரும் தூக்கினோம். பாதியில டிரைவருக்குப் போன் வந்துச்சு, கையை விட்டுட்டான். கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல விழுந்து கிடந்தாரு. அன்னிலேர்ந்து நாற்காலியோட ஏத்தறதுக்குச் சாய்பலகை வெச்ச இந்த வேனைத் தவிர வேற எதுலயும் ஏற மாட்டேன்னுட்டாரு.

— ஆம்புலன்ஸ்?

— கேட்டேன். மூச்சு இருக்கான்னாங்க. இருக்குன்னேன். அப்ப வரிசையில வாங்கன்னாங்க.

— நேரத்துக்குப் போகலேன்னா இடத்தை அடுத்தவனுக்குக் குடுத்துடுவான். அப்புறம் ரெண்டு நாள் தாங்குவாரா?

— ராத்திரியே படுக்க முடியல அவரால. உக்காந்துக்கிட்டே இழுத்தாரு. கால் வீங்கிக் கிடக்கு. நீ மெஷின் படிச்சவன், உனக்கு வண்டி மட்டும் தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் எனக்குத் தெரியும், என்கிட்ட கேக்காதே.

— சரி, விடு. பெட்ரோல் இருக்கா?

— முள்ளு பாதியில நிக்குது.

— அந்த முள்ளு அம்மா இருக்கும்போதிலேர்ந்து பாதியிலதான் நிக்குது. எப்ப போட்டே?

— முந்தாநாள் வர்ற வழியிலதான். அப்பா கத்திக் கத்திப் போட வெச்சாரு. பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையறதுக்கு எவ்ளோ தூரத்துல சிக்னல் போடணும்னு ஒரு பாடம். போடறவனுக்கு ஒரு பாடம். மூடியைத் திருகறதுக்கு ஒரு பாடம்.

— அப்ப பெட்ரோல் இருக்கு. கடைசியா என்ன வேலை பாத்தே வண்டியில?

— பிரேக் பேட் மாத்தினேன்.

— மறுபடியுமா? போன தடவை நான் வந்தப்ப புதுசு போட்டேனே.

— நீ எப்ப வந்தேன்னு உனக்கே நெனவு இருக்கா? பேட் எங்க நிக்கும்? ஓட்டறவ ஒருத்தி, பிரேக் மிதிக்கிறவர் ஒருத்தர். அவர் பக்கம் அந்த டிரைவிங் ஸ்கூல் பிரேக் இன்னும் இருக்குல்ல. நாற்காலியைப் பூட்டின உடனே முதல் வேலையா அதுமேல காலை வைப்பாரு. வீடு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டாரு.

— அன்னிக்கு அந்தப் பக்கத்து சீட்டை அறுத்து நாற்காலிக்குப் பூட்டு வெச்சப்பவே, பெடலையும் கழட்டிடறேன்னு சொன்னேன்.

— சொன்னே. அவர் என்ன சொன்னாரு? பெடலைக் கழட்டினா என்னையும் கழட்டிக் குப்பையில போடுங்கன்னாரு. உடனே நீ ஸ்பேனரைக் கீழ போட்டுட்டே. சண்டைன்னா உனக்கு ஆகாது.

— அவர்கிட்ட யார் சண்டை போட்டு ஜெயிச்சிருக்கா? ஊர் பூரா வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த மனுஷன். எதிர்ல வர்ற பாதிப்பேர் அவர்கிட்ட அடி வாங்கினவன்.

— ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கத்துக்குடுத்தாரு. நான் கேட்டப்ப உனக்கு எதுக்குன்னாரு. அவர் கால் போனதுக்கு அப்புறம்தான் எனக்கு லைசென்ஸ். மருந்துக்கடை பில் கவுன்ட்டரை விட்டுட்டு வந்து, தலை நரைச்சதுக்கு அப்புறம் 'L' போர்டு மாட்டினேன். அதுவும் எதுக்கு? இங்கேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலேர்ந்து இங்க. இந்த வேன் வேற ஒரு ரோட்டைப் பாத்ததில்லடா.

— இப்ப அதையெல்லாம் ஆரம்பிக்காதேக்கா, நேரம் போகுது. சாவியை முதல் திருப்புல மட்டும் நிறுத்து. ஸ்டார்ட் பண்ணாதே. பின்னாடி டாங்க் பக்கம் உய்ங்குன்னு ஒரு சத்தம் வரணும், ரெண்டு நொடி. வருதா?

— வரல.

— காதைக் கிட்ட வெச்சுக் கேளு.

— ரோட்டுல உக்காந்து காதை வெச்சுட்டேன். வரல. சலவைக் கடைக்காரர் வேற வேடிக்கை பாக்கறாரு.

— அப்ப பெட்ரோல் பம்ப்புதான். பம்ப் ஓடல, இன்ஜினுக்குப் பெட்ரோல் போகல, அதான் பத்திக்கல. இப்ப பம்ப்புக்கு ஏன் கரன்ட் போகலேன்னு பாக்கணும். பானெட்டைத் தூக்கு.

— இரு… வர மாட்டேங்குது.

— உள்ள இருக்கிற கைப்பிடியை இழுத்தியா?

— இழுத்தாச்சு. ஒரு பக்கம் தூக்குது, அவர் பக்கம் கடிச்சுக்கிட்டு இருக்கு.

— எங்கயாவது இடிச்சியா?

— அது எப்பவும் அப்படித்தான். துரு.

— போன தடவை கிரீஸ் வெச்சு நல்லா ஓட விட்டுட்டு வந்தேனே.

— போன தடவை, போன தடவை. உன் கிரீஸ் எத்தனை மழை தாங்கும்? இரு, ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பறேன்… ஆங். வந்துடுச்சு.

— பாத்து. பேட்டரி பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திற. சின்னச் சின்னச் சதுரமா நாலஞ்சு தெரியுதா? அதுங்கதான் ரிலே, கரன்ட்டைத் திறந்து விடற சுவிட்ச். ஹாரன் அடிக்குதா பாரு முதல்ல.

— அடிச்சேன், கேக்கலையா உனக்கு?

— கேட்டுது. அப்ப ஹாரனோட ரிலே நல்லா இருக்கு. பம்ப்போடதும் அதே ஜாதிதான். ரெண்டையும் புடுங்கி இடம் மாத்திப் போடு. மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும், ஹாரன் படமும் பம்ப் படமும் பாத்துக்கோ.

— புடுங்கறேன், புடுங்கறேன். நகம் போச்சு… மாத்திட்டேன்.

— சாவியை முதல் திருப்பு.

— சத்தம் வரல.

— ஹாரன்?

— இப்பவும் அடிக்குது.

— அப்ப பம்ப்போட ரிலேயும் நல்லாத்தான் இருக்கு. அது தப்பு இல்ல.

— தப்பு இல்லாதது எதுன்னு சொல்லியே என் பொழுதைப் போக்கிடு.

— அப்படித்தான்க்கா பாக்கணும். எது இல்லேன்னு தெரிஞ்சாத்தான் எதுன்னு தெரியும். ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். அந்தாளு சத்தத்தையே காணோம்? இந்நேரம் என்னையும் உன்னையும் உண்டு இல்லேன்னு பண்ணியிருக்கணுமே. ஓட்டத் தெரியாதவன்தான் ரிப்பேர் பாப்பான்னு ஆரம்பிச்சிருக்கணுமே.

— போன் ஸ்பீக்கர்ல இருக்கு. பாத்துப் பேசு.

— அதை முதல்லயே சொல்ல மாட்டியா? அப்பா, நல்லா இருக்கீங்களா? அப்பா?

— பேச மாட்டாரு. முந்தாநாள்லேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. தண்ணி வேணுமான்னா தலையாட்டறாரு. போர்வை வேணுமான்னா தலையாட்டறாரு. ரெண்டு நாளா வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா? எனக்குப் பயமா இருக்கு.

— வண்டியை நிறுத்திட்டேன்னு கோபமா இருக்கும். அவரோட வண்டியாச்சே. நம்மளைவிட அதுமேலதான் பாசம்.

— இருக்கும்.

— விடு, வண்டி கிளம்பினா வாயும் கிளம்பிடும். பின்பக்கம் போ. டாங்குக்கு அடியில அந்த ஜாக்கிக் கம்பியால லேசாத் தட்டு. சில சமயம் பம்ப் இறுகிக்கும், தட்டினா எந்திரிக்கும்.

— புடவையோட ரோட்டுல படுக்கச் சொல்றே.

— சலவைக் கடைக்காரரைக் கூப்பிடேன்.

— அவருக்கு இஸ்திரிப் பெட்டியைத் தவிர எதையும் கிளப்பத் தெரியாது. அன்னிக்கு அவரும் அவர் மச்சானும்தான் வண்டியைப் பின்னாடி தள்ளி விட்டாங்க, அதுக்கே இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு நேத்துப் பூரா கடை திறக்கல.

— எதுக்குப் பின்னாடி தள்ளணும்?

— குடோனுக்கு லாரி வரும்ல. வழியில நின்னுச்சு. தட்டறேன், கேக்குதா?

— இன்னும் கொஞ்சம் பலமா.

— நானும் பலமாத் தட்டணும்னுதான் இருக்கேன், எதைன்னுதான் தெரியல. ம்ஹும். ஒண்ணும் எந்திரிக்கல.

— அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது இப்படியே எத்தனை நாள் ஓடும்? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. உள்ளயே மெஷின், உள்ளயே நர்ஸ். நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்.

— எப்ப விசாரிச்சே?

— கொஞ்ச நாளாச்சு.

— அப்பாவை எங்க தள்ளலாம்னு விசாரிக்க உனக்கு நேரம் இருந்துச்சு. வந்து பாக்கறதுக்குத்தான் இல்ல.

— உனக்காகத்தான் விசாரிச்சேன். அங்க சேத்துட்டா நீ உன் வேலைக்குத் திரும்பிப் போலாம். நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன்னும் சொன்னேனே.

— சொன்னே. அடுத்த நாளே உன் பொண்டாட்டிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, உங்க வீட்டு மாடிப்படியும் திடீர்னு செங்குத்தாயிடுச்சு. நான்தான் இருந்தேன் தம்பி. எப்பவும் நான்தான். நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கிரீஸ் வெச்சுட்டுப் போற பிள்ளை.

— அவர் என்னை வீட்டுக்குள்ள எப்படி நடத்தினாருன்னு உனக்குத் தெரியாதா? டெஸ்டுக்குப் போறவன் முன்னாடியெல்லாம் என் கைமுட்டியில ஸ்கேலால அடிச்ச மனுஷன். எனக்கு மட்டும் சொகுசா ஓடிப்போகணும்னு ஆசையா?

— அதே ஸ்கேல் இன்னும் இந்த வேன்லதான் கிடக்கு. வந்து எடுத்துக்கோ, பாகம் பிரிச்சதா இருக்கட்டும்.

— சரி. விடு. நேரம் ஆகுது. நான் யோசிக்கிறேன்… பேட்டரி இருக்கு. பெட்ரோல் இருக்கு. ரிலே இருக்கு. பம்ப்பு செத்துப் போயிருந்தா முந்தாநாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே முக்கித் திணறியிருக்கும். வண்டி எப்படி நின்னுச்சு? திக்கித் திக்கி நின்னுச்சா?

— இல்ல. பட்டுன்னு.

— விளக்கை அணைச்ச மாதிரியா?

— ஆமா.

— அப்ப ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதை நான் கணக்குல எடுக்கவே இல்ல. இருக்கவும் வாய்ப்பில்ல. எதுக்கும் பாத்துடு. அப்பா உக்கார்ற பக்கத்துக் கதவைத் திற. கீழ மிதியடியைத் தூக்கு. அவரோட பிரேக் பெடல் இருக்குல்ல, அதுக்குப் பக்கவாட்டுல கதவோரமா, தகரத்துல ஒரு ஓட்டை. உள்ள விரலை விட்டுப் பாரு.

— உள்ள என்ன இருக்கும்?

— சிவப்பா ஒரு பட்டன். அது உள்ள அமுங்கி இருக்கணும். அமுங்கி இருந்தா அதுலயும் கோளாறு இல்ல. என்ன, பாத்தியா?

— பாத்தேன்.

— அமுங்கி இருக்கா?

— இல்ல. வெளிய துருத்திக்கிட்டு இருக்கு. அமுக்கட்டுமா?

— இரு. அமுக்காதே.

— ஏன்? அதுதான் கோளாறுன்னா அமுக்கிட்டுக் கிளம்பறேன்.

— அக்கா, அந்தப் பட்டன் சும்மா எகிறாது. அதை எதுக்கு வெச்சிருக்காங்க தெரியுமா? வண்டி எதுலயாவது மோதினா பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கக் கூடாதுன்னு, பம்ப்புக்குப் போற கரன்ட்டை அது வெட்டி விட்டுடும். மோதினாத்தான் எகிறும்.

— பள்ளத்துல இறங்கியிருக்கும். ரோடு பூரா பள்ளம்தானே.

— பள்ளத்துக்கெல்லாம் எகிறாது.

— சரி, எகிறிடுச்சு. அமுக்கியாச்சு. சாவியைத் திருப்பறேன்… கேட்டுதா? உய்ங்குது உன் பம்ப்பு.

— அக்கா, ஒரு நிமிஷம்.

— ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு. ஒரு விரல் வேலை. ரெண்டு நாளா இதுக்குத்தான் தவிச்சேனா. புண்ணியமாப் போச்சு, போனை வெச்சுடறேன். அவரை ஏத்தணும்.

— வெக்காதே. முன்னாடி போய் நம்பர் பிளேட்டைப் பாரு.

— பாக்க வேணாம். வளைஞ்சிருக்கு. அவர் பக்கத்து விளக்குக் கண்ணாடியும் விரிசல் விட்டிருக்கு. போதுமா?

— பானெட் கடிச்சது துரு இல்ல.

— இல்ல.

— வண்டியைப் பின்னாடி தள்ளினது லாரிக்கு வழி விடறதுக்கும் இல்ல.

— நீ எதுக்கு மெக்கானிக் வேலைக்குப் போனே? போலீஸ்ல சேந்திருக்கலாம்.

— எதுல மோதினே?

— குடோன் கேட்டுத் தூண்ல.

— அப்பாவை உள்ள வெச்சுக்கிட்டா?

— அவர் இல்லாம நான் எங்கடா ஓட்டியிருக்கேன் இந்த வண்டியை?

— எப்படி? அது என்ன தெரியாத தூணா? பொறந்ததுலேர்ந்து அங்கதானே நிக்குது.

— கண் அசந்துட்டேன்.

— தூங்கிட்டியா?

— ஆமா, தூங்கிட்டேன். ராத்திரி பூரா அவருக்கு அரிப்பு, சொறிஞ்சு விடணும். விடிஞ்சா ஆஸ்பத்திரி. அங்க மெஷின் ஓடற வரைக்கும் இரும்பு நாற்காலி. திரும்பி வர்ற வழி பூரா கண்ணாடியைப் பாரு, கியரை மாத்து, இடது பக்கம் வாங்கு. எனக்கு மட்டும் கண் மூடாதா?

— சரி, சரி, அழாதே. நான் கேட்டது தப்பு. யாருக்கும் அடி இல்லையே?

— இல்ல. எனக்கு நெத்தியில ஒரு புடைப்பு. அவருக்கு ஒண்ணும் இல்ல. பெல்ட்டு பிடிச்சுக்கிச்சு.

— இதுக்குத்தான்க்கா சொல்றேன், உன்னால தனியா முடியாது. இந்த வாரமே நான் வரேன். இல்லமோ எதுவோ, நேர்ல உக்காந்து ஒரு முடிவு பண்ணுவோம். நல்லவேளை, அப்பா பக்கம் பிரேக் இருந்துச்சு. அவர் மிதிச்சதாலதான் இதோட போச்சு.

— ம்.

— இல்ல, இரு. அவர் மிதிச்சிருந்தா மோதியே இருக்காதே. அந்த இறக்கத்துல நீ எங்க அசந்திருந்தாலும் அவர் நிறுத்தியிருக்கலாமே. ரோட்டுல பிளாஸ்டிக் பை பறந்தாலே மிதிக்கிறவராச்சே. அவரும் அசந்துட்டாரா?

— நான் தூங்கல.

— அப்பா?

— ஸ்பீக்கர்ல போட்டுத் தெருவுக்கே விசாரணை நடத்தறீங்க. எனக்கு மட்டும் காது கேக்காதா? நான் தூங்கல. அவளும் தூங்கல.

— அப்பா, வேணாம். வண்டி ஓடிக்கிட்டு இருக்கு, வாங்க ஏத்தி விடறேன். நேரம் ஆச்சு.

— கையை எடும்மா. நாற்காலியைத் தள்ளாதே. வாத்தியார்கிட்ட ஒருத்தன் கேள்வி கேட்டா பதில் சொல்லணும். டேய், கேக்குதா?

— கேக்குதுப்பா.

— நம்ம வீடு தாண்டினதும் இறக்கத்துல ரெண்டாவது கியருக்கு மாத்தணும். இவ மாத்தல. சொன்னேன். மறுபடியும் சொன்னேன். நான் மிதிச்சேன். மிதிச்சதும் இவளுக்கு ஆத்திரம் வந்துச்சு. நீங்களே ஓட்டுங்கன்னா. ரெண்டு காலையும் பெடல்லேர்ந்து எடுத்துச் சீட்டு மேல மடக்கி வெச்சுக்கிட்டா. அப்படியே என் பக்கம் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தா.

— அக்கா, என்ன இது? நெசமா?

— அவர் மிதிச்சுடுவாருடா. எனக்குத் தெரிஞ்சு இந்த உலகத்துல நிச்சயமா நடக்கிறது அது ஒண்ணுதான். வழி பூரா மிதிச்சுக்கிட்டே வந்தாரு. ஒரு தடவையாவது முழுசா அவரே நிறுத்தட்டும்னு விட்டேன். சாகடிக்கணும்னு நெனக்கல. அப்பா, நான் அப்படி நெனக்கல.

— தெரியும்மா. அதைத்தான் சொல்லிக்கிட்டு வரேன், நடுவுல பேசாதே.

— நீங்க ஏன்பா மிதிக்கல?

— கால் அதுமேலதான் இருந்துச்சு. எடுத்துக் கீழ வெச்சுட்டேன்.

— எதுக்கு?

— அவ மூஞ்சியை நானும் அப்பத்தான் பாத்தேன். எப்பவும் ரோட்டைத்தானே பாப்பேன். களைச்சவங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு வகுப்புக்கு வகுப்பு சொன்னவன் நான். அந்த மூஞ்சி வேற யாரோடதாவது இருந்திருந்தா, அங்கயே இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

— அதுக்காக? அவளும்தானேப்பா உள்ள இருந்தா.

— தூண் என் பக்கம்டா. அவ பக்கம் வெறும் தகரக் கேட்டு. அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தப்பாது.

— அப்பா.

— கடைசி நேரத்துல இவதான் காலை இறக்கி மிதிச்சா. ரெண்டு காலாலயும் சேத்து மிதிச்சா.

— அவ மிதிச்சதாலதானேப்பா இன்னிக்கு ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்க. ஏதோ ஒரு நொடி ஆத்திரத்துல காலை எடுத்துட்டா, அதுக்குப்போய் ரெண்டு நாளா அவகூடப் பேசாம இருக்கீங்களா?

— எடுத்ததுக்கு இல்லடா. திருப்பி வெச்சதுக்கு.